பரணி என்கிட்ட சொல்லவே இல்லீங்க

டீச்சருங்களான்னு கேட்டீங்க. இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. காட்டன் சேலை கட்டி, கண்ணாடி போட்டு, பையை மடியில வெச்சுட்டு பஸ்ல உக்காந்திருந்தா டீச்சர்னு முடிவு பண்ணிடறாங்க. நான் சரவணம்பட்டியில ஒரு கம்பெனியில இருக்கேனுங்க. கம்ப்யூட்டர் வேலை. பேரு கோகிலவாணி. இப்ப லீவுல இருக்கேன். நானா எழுதிக் குடுத்த லீவு இல்லை, அவங்களாப் போட்டுக் குடுத்த லீவு. அந்த வேலையைத் திரும்பக் கேக்கத்தான் காலையில சத்தியமங்கலத்துக்குப் போனேன். கேட்டுட்டுத் திரும்பறேன்.

கெடைச்சுதான்னு கேக்கறீங்க. சொல்றேனுங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். ஜன்னல் பக்கம் வேணும்னா மாறிக்கலாம், எனக்கு ஒண்ணும் இல்லை. வேண்டாமா, சரிங்க.

சத்தியில நான் பாக்கப் போனது பரணீதரன்னு ஒருத்தனை. எங்க ஆபீஸ்தான். வீட்டுல இருந்தே வேலை பாக்கறான், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் கோயமுத்தூர் வருவான். கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு இருக்கு. அவன் வேலைக்கு வந்தப்ப இன்டர்வியூல கேள்வி கேட்டதே நான்தான். அன்னையில இருந்து என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான், எங்க வீட்டுக்காரரை அண்ணன்னு. அந்தப் பரணி, நான் பண்ணுன தப்பை, மீட்டிங்குல எல்லாரும் உக்காந்திருக்கறப்ப எந்திரிச்சுச் சொன்னான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நேரா சபையில. எனக்கு வருத்தம் தப்புல இல்லைங்க. தப்பு எல்லாரும் பண்றதுதான். எங்கிட்ட சொல்லலையேன்னுதான்.

என்ன வேலைன்னு சொல்லணும் இல்லீங்களா. நீங்க போன்ல ஒருத்தருக்கு ஏதோ எழுதறீங்க. அது அப்படியே காத்துல போனா வழியில யாரு வேணாலும் படிச்சுருவாங்க. அதனால யாருக்கும் புரியாத மாதிரி கலைச்சு அனுப்பணும், போய்ச் சேர்ற எடத்துல மட்டும் மறுபடி சரியா வரணும். அந்தக் கலைக்கற வேலையப் பண்ற புரோகிராம் நாங்க எழுதறது, ஆபீஸ்ல அதைக் கோடுன்னு சொல்லுவோம். கடையில விக்கற சாமான் இல்லை. மத்த கம்பெனிக்காரங்க எங்ககிட்ட வாங்கி அவங்க ஆப்புக்குள்ள வெச்சுக்குவாங்க. நீங்க டாக்டர்கிட்ட போன்ல பேசற ஆப்பு ஏதாச்சும் வெச்சிருந்தா, உள்ள நாங்க இருக்கலாம். யாருக்கும் தெரியாது. எங்க மாமியாருக்கு நான் என்ன வேலை பாக்கறேன்னு கடைசி வரைக்கும் தெரியாது, "பேங்க்குல இருக்கா"ன்னுதான் சொல்லுவாங்க.

அது எப்படின்னா, உங்ககிட்ட ஒரு சாவி, அந்தப் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட அதே சாவி. அந்தச் சாவியைக் குடுத்தா புரோகிராம் நம்பரா கொட்டும், குழாயத் தொறந்து விட்ட மாதிரி. பாத்தா தலையும் வாலும் தெரியாது, ஆனா ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வரும். உங்க எழுத்து மேல அந்த நம்பரைக் கலந்து அனுப்புவீங்க. அவங்க அதே நம்பரைக் கழிச்சுட்டுப் படிப்பாங்க. அவ்வளவுதான். ஒரே ஒரு நெபந்தனை. ஒரு தடவை கலந்த நம்பரை மறுபடி கலக்கக் கூடாது. கலந்தா, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறவன், ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சுருவான். நம்பர் காணாமப் போயிரும். உங்க ரெண்டு எழுத்தும் வெளிய வந்துரும். உங்களுக்குப் புரியுதுன்னு தெரியுது, தலையாட்டறீங்க. எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்கு இதைச் சொன்னா தலையாட்டக்கூட மாட்டாங்க.

இந்த நம்பர் கட்டுக் கட்டா வரும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரிசை எண். பரணி எழுதுன பழைய புரோகிராம் ஒவ்வொரு கட்டாப் போடும். சரியாப் போடும், ஆனா மெதுவாப் போடும். ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஆப்புக்காரங்க, வெலை கொறைஞ்ச போன்ல திக்குதுன்னு சொன்னாங்க. எங்க சம்பத் சார், அவர்தான் எங்களுக்கு மேல, "கோகிலா, வேகமா ஒண்ணு பண்ணிக் குடும்மா"ன்னாரு. இப்ப வர்ற போன்ல ஒரே சமயத்துல நாலு கணக்குப் போடற வசதி இருக்கு. நாலு கட்டையும் ஒண்ணாப் போட்டுட்டா வேலை சட்டுன்னு முடிஞ்சுரும். அதை நான் எழுத ஆரம்பிச்சேன். நல்லா வந்துட்டும் இருந்துச்சு.

சித்திரையில எங்க வீட்டுக்காரர் தவறிட்டாருங்க.

பரவால்லீங்க. பம்பு கம்பெனியில சேல்ஸ்ல இருந்தாரு. காலையில கெளம்பறதுக்கு ஷூ போட உக்காந்தாரு, எந்திரிக்கலை. ஒரு கால்ல போட்டிருந்தாரு. டாக்டர் வந்து பாத்துட்டு, கஷ்டப்படலைம்மா, ஒரு நிமிஷம்தான்னு சொன்னாரு. கொழந்தை இல்லீங்க. எங்க அண்ணன், அண்ணி எல்லாம் வந்து இருந்தாங்க. நான் அழுகலைன்னு அண்ணிக்குப் பயம். "அழுதுரு கோகிலா, அழுதுரு"ன்னு தோளைப் புடிச்சு உலுக்கினாங்க. வந்தா அழுக மாட்டனா? வரலை. வந்தவங்களுக்குக் காபி குடுத்தாங்களான்னு பாத்துட்டு இருந்தேன். காரியம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். அண்ணி, "ஊரு என்ன சொல்லும்"னாங்க. ஊருக்கு வேற வேலை இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.

வேலை நல்லாவே பாத்தேனுங்க. அதை நான் அடிச்சுச் சொல்லுவேன். முன்னைவிட நல்லாப் பாத்தேன். வீட்டுல பேச்சு இல்லை, டிவி இல்லை, கவனம் அப்படியே நின்னுச்சு. எனக்கு ஞாபகசக்தி அதிகம். எந்த வரியை எந்த நாள் எழுதுனேன்னு கேட்டாச் சொல்லுவேன். பத்து வருசத்துக்கு முந்தி எழுதுனதுலயும் சொல்லுவேன். அது எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும், "அக்காகிட்டக் கேளு"ம்பாங்க.

எழுதி முடிச்சேன். பரிசோதனை போட்டேன். உலகத்துல எல்லாரும் வெச்சுப் பாக்கற மாதிரிக் கணக்கு சிலது இருக்குங்க, இந்தச் சாவிக்கு இந்த நம்பர் வரணும்னு. அது எல்லாம் சரியா வந்துச்சு. அது சின்னச் சின்னது, ரெண்டு கட்டுக்குள்ள முடிஞ்சுரும். பெருசுக்கு, நானே ஒரு பெரிய பைலை எடுத்துக் கலைச்சேன், நானே திருப்பிப் பிரிச்சேன். அச்சு அசலா வந்துச்சு. வேற என்ன வேணும்? பரணியோட மெதுவான புரோகிராம் ஒண்ணு பரிசோதனையில கூடவே ஓடிட்டு இருந்துச்சு, ரெண்டு விடையும் ஒத்துப் போகுதான்னு பாக்கறதுக்கு. அது ஓடி முடிக்கறதுக்குள்ள எரிச்சல் ஆகும். எடுத்துட்டேன். பரணி, "அது இருக்கட்டுமேக்கா"ன்னான். "ரெண்டு எதுக்கு பரணி, ஒண்ணு போதும்"னேன். சரிக்கான்னுட்டான். எடுக்க வேண்டாம்னா வேண்டாம்னு அவன் அப்பவே அழுத்திச் சொல்லியிருக்கணும் இல்லீங்களா? சொல்லலை.

இப்பத் தப்பு எங்கன்னா, நாலு கட்டு ஒண்ணாப் போட்டா, வரிசை எண் நாலு தள்ளிப் போகணும். என்னோடது ஒண்ணுதான் தள்ளுச்சு. அதனால அடுத்த நாலு கட்டுல மூணு கட்டு, ஏற்கெனவே போட்டதே மறுபடி வந்துச்சு. எதைச் செய்யக் கூடாதோ அதையே வரிசையா செஞ்சுட்டு இருந்துச்சு. நான் கலைச்சதை நானே பிரிச்சதால தெரியலை. கலைக்கும்போதும் அதே தப்பு, பிரிக்கும்போதும் அதே தப்பு, சரியா வராம என்ன பண்ணும்? அதை நான் ஒத்துக்கறேனுங்க. எங்க லைன்ல யாருக்கு வேணாலும் வர்ற தப்பு அது.

நான் சொல்ல வந்தது அது இல்லை. எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் எழுதுனதுல இன்னொருத்தர் தப்புக் கண்டுபுடிச்சா, உடனே கம்ப்யூட்டர்ல எழுதி வைக்க மாட்டோம். எழுதுனா எல்லாருக்கும் தெரிஞ்சுரும், காலத்துக்கும் நிக்கும். மொதல்ல அவங்ககிட்டப் போய், "டீ சாப்பிடலாம் வாங்க"ன்னு கூப்பிடுவோம். கீழ பேக்கரி இருக்கு. அங்க நின்னு, இந்த மாதிரி இந்த எடத்துல இப்படி இருக்குன்னு சொல்லுவோம். அவங்களே வந்து திருத்திருவாங்க. சண்டை இல்லை, மூஞ்சி சுருங்கறது இல்லை. ஆரம்பிச்சு வெச்சதே நான்தான். புதுசா வர்றவங்க நம்ம மேல பிரியமாக் கூப்பிடறாங்கன்னு நெனைச்சு சந்தோசமாக் கெளம்புவாங்க, பாவம், பன்னைக் கடிச்சுட்டு இருக்கறப்பதான் தெரியும்.

பரணி கூப்பிட்டானா இல்லையான்னு கேக்கறீங்க. கூப்பிட்டான். பொய் சொல்ல மாட்டேன். "டீ சாப்பிடலாங்களாக்கா"ன்னு வந்து நின்னான். வேண்டாம் பரணின்னேன். மறுநாளும் வந்தான். வேண்டாம்னேன். அப்புறமும் ஒரு தடவை. ஏன் வேண்டாம்னேன்னா, அந்த நேரத்துல ஆபீஸ்ல எல்லாருமே என்னை டீக்குக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. அக்கவுன்ட்ஸ்ல இருக்கற பொண்ணு, செக்யூரிட்டி அண்ணன், பேரு தெரியாதவங்க எல்லாம். கூட்டிட்டுப் போய், கையைப் புடிச்சுட்டு, "தைரியமா இருங்க"ம்பாங்க. நான் தைரியமாத்தானுங்க இருந்தேன். இன்னும் எவ்வளவு தைரியமா இருக்கறது? ஒரு டீயைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு பேரு வந்து மூஞ்சியப் பாத்து உச்சுக் கொட்டுவாங்க. இவனும் அதுக்குத்தான் கூப்பிடறான்னு நெனைச்சேன். எந்த டீ எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுக்கு இல்லைக்கா, கோடுல ஒண்ணு இருக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு ஓடியிருப்பேன்.

அதுக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை எல்லாக் கம்பெனிக்கும் புதுசு அனுப்பறதா இருந்துச்சு. செவ்வாக்கிழமை மீட்டிங். சம்பத் சார், "இது இந்த வாரம் போகாது"ன்னாரு. ஏன் சார்னு அந்த ஆஸ்பத்திரி ஆப்பு சைடைப் பாக்கறவரு கேட்டாரு. சம்பத் சார் பரணியப் பாத்தாரு. பரணி எந்திரிச்சு, தலையக் குனிஞ்சுட்டு, "வேகமான கோடுல நம்பர் திரும்ப வருதுங்க, வெளிய போனா ஆபத்து"ன்னான். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அதுக்கப்புறம் சம்பத் சார் ரூமுக்குக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா, சம்பளம் வந்துரும்"னாரு. நான் இனிமே அந்தப் புரோகிராம்ல கை வைக்க முடியாத மாதிரியும் பண்ணிட்டாங்க. அந்தப் பொறுப்பு பரணிக்குப் போயிருச்சு.

எங்க வீட்டுக்காரர் போனப்பக்கூட எனக்கு ஒண்ணும் தோணலைங்க. இப்பச் சொன்னா நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. ஒண்ணுமே தோணலை. சோறு இருந்தாச் சாப்பிட்டேன், படுத்தாத் தூங்குனேன். ஆனா பரணி மேல கோவம் வந்துச்சு. நல்லாக் கோவம் வந்துச்சு. அது ஒண்ணுதான் வந்துச்சு, அதனால அதை நான் விடலை. வீட்டுல உக்காந்து பாத்திரம் தேய்க்கறப்ப, துணி மடிக்கறப்ப, அவன்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்குவேன். மழைக்காலம் முழுசும் அப்படியே போச்சு.

வேலை வேணுமுங்க எனக்கு. சம்பளத்துக்கு இல்லை. அந்த வீட்டுல இன்னும் கொஞ்ச நாள் சும்மா உக்காந்திருந்தா நான் என்ன ஆவேன்னு தெரியலை. சம்பத் சாருக்குப் போன் பண்ணேன். "பரணி சரின்னா எனக்குச் சரிம்மா"ன்னாரு. நான் இன்டர்வியூ எடுத்த பையன் சரின்னு சொல்லணும். சரி, போய்க் கேப்போம், அப்படியே அதையும் கேட்டுருவோம்னுதான் இன்னைக்குக் காலையில பஸ் ஏறுனேன்.

அவன் பொண்டாட்டி கதவைத் தொறந்துச்சு. உள்ள வந்து உக்காருங்கக்கான்னுச்சு. பரணி லேப்டாப்பை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சு வந்தான். எளைச்சிருந்தான். நான் சுத்தி வளைக்கலை. "எனக்கு வேலை வேணும் பரணி, நீ சரின்னாத்தான் ஆகுமாம்"னேன். "அதுக்காக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? சார் போன் பண்ணிக் கேட்டப்பவே நான் சொல்லிட்டேன், அக்கா எப்ப வரேன்னாலும் சரின்னு. திங்கக்கிழமையே வாங்க"ன்னான். அவ்வளவுதான். கெடைச்சுருச்சு. நீங்க கேட்டதுக்குப் பதில் அதுதானுங்க, கெடைச்சுருச்சு.

அதோட எந்திரிச்சு வந்திருக்கணும். வரலை. மனசுல வெச்சுட்டு இருந்ததைக் கேட்டேன். "ஏன் பரணி, நீ எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. எத்தனை வருசப் பழக்கம். சபையில வெச்சுச் சொன்னியே"ன்னேன்.

அவன் என்னையே பாத்தான். "சொன்னேன்க்கா"ன்னான்.

"டீக்குக் கூப்பிட்டதைச் சொல்றியா?"ன்னேன்.

"இல்லைக்கா. நீங்க டீக்கு வரலைன்னுதான் மீட்டிங்குக்கு முந்தின சனிக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தேன். மறந்துட்டீங்களா?"ன்னான்.

எங்க வீட்டுக்கு இவன் வரவே இல்லீங்க. அண்ணி ஊருக்குப் போனதுக்கு அப்புறம் யாரும் வரலை. நான் அதைத்தான் சொன்னேன், வரலையே பரணின்னு. அவன் பொண்டாட்டி கொழந்தையத் தூக்கிட்டு உள்ள போயிருச்சு.

அவன் மெதுவாச் சொன்னான். மத்தியானம் வந்தானாம். நான்தான் கதவைத் தொறந்தேனாம். லேப்டாப்பைத் தொறந்து அந்த வரியைக் காட்டுனானாம். நாலு தள்ள வேண்டியது ஒண்ணு தள்ளுதுக்கான்னு. நான் பாத்துட்டு, "அட ஆமா பரணி, நல்ல வேளை பாத்த, திங்கக்கிழமை சரி பண்ணிடறேன்"னு சொன்னேனாம். சிரிச்சேனாம்கூட. அவன் கெளம்பறேன்னு எந்திரிச்சிருக்கான். நான் விடலையாம். "சாப்பிட்டுட்டுப் போ. உங்கண்ணன் கடைக்குப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு, சேர்ந்து உக்காருங்க"ன்னு சொல்லிட்டு மூணு தட்டு எடுத்து வெச்சேனாம்.

நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்னேன். "அப்புறம் நீ என்ன பண்ணுன?"ன்னு கேட்டேன். "உக்காந்திருந்தேன்க்கா"ன்னான். "நீங்க வாசலைப் பாத்துட்டே இருந்தீங்க. நானும் கொஞ்ச நேரம் அண்ணன் வருவாருன்னு உக்காந்திருந்தேன்." அப்புறம் நானே, "ஏதோ லேட்டாகுது போல, நீ சாப்பிடு"ன்னு போட்டேனாம். சாப்பிட்டுட்டுப் போனானாம்.

திங்கக்கிழமை நான் ஒண்ணும் திருத்தலை. அவன் பாத்திருக்கான். மறுபடி என்கிட்ட வந்து எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சம்பத் சார்கிட்டப் போயிருக்கான். வீட்டுல நடந்ததையும் அவருகிட்ட மட்டும் சொல்லியிருக்கான். அதனாலதான் அந்த லீவு. மீட்டிங்குல நான் எழுதுனேன்னு அவன் சொல்லவே இல்லையாம். நெனைச்சுப் பாத்தா சொல்லலைதான். "வேகமான கோடு"ன்னுதான் சொன்னான்.

எனக்கு அது ஞாபகமே இல்லீங்க. பஸ் ஏறுனதுல இருந்து நெனைச்சு நெனைச்சுப் பாக்கறேன். அந்தச் சனிக்கிழமை என்ன கொழம்பு வெச்சேன்னு தெரியலை. அவன் எந்தப் பக்கம் உக்காந்தான்னு தெரியலை. கோவமும் இல்லை இப்ப. அதுவும் போயிருச்சு. திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். போவேன்.

அழுகலைங்க, கண்ணுல தூசி. சரி, அழுகறேன்னே வெச்சுக்கங்க.

ஒண்ணுதானுங்க. எங்க வீட்டுக்காரர் கடைக்குப் போற ஆளே இல்லை. கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கிட்டு வந்தது இல்லை. அவரைப் போய்க் கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லியிருக்கேன்னா, என்ன வாங்க அனுப்பிச்சேன்? எந்தக் கடைக்கு? அவன்கிட்டக் கேக்காம வந்துட்டேன். நான் சொல்லியிருப்பேன். பரணிக்கு ஞாபகம் இருக்கும்.

போன்ல கேக்கலாமுங்க. போன்ல கேட்டா, மனசு கஷ்டப்படுவேன்னு தெரியலைக்கான்னு சொல்லிருவான். நேர்ல கேட்டா அவனுக்குப் பொய் சொல்ல வராது.

இது அன்னூரா? கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் இங்கயே எறங்கிக்கறேன். சத்திக்குப் போற பஸ்ஸு எதுத்தாப்புலதான நிக்கும்?